மணல் மூடிய சுனை மண்டபம்

"பாத்துக்கோ மிருதுளா! எங்க ஊர்ல பாக்கதுக்கு ஏழு இடம் உண்டு. ஆறை நான் காட்டிருவேன். ஏழாவதைக் காட்டுத ஆளுக்கு இந்த ஊரையே எழுதிக் குடுத்திரலாம்!"

சுனைவிளை மாதா கோயில் மணிக்கூண்டின் நூற்றுப் பன்னிரண்டாவது படியில் மூச்சு வாங்க நின்றுகொண்டு சுயம்புக்கனி இப்படிச் சொன்னாள். அவளுக்கு வயது இருபது. பக்கத்தில் நின்ற மிருதுளாவுக்குப் பதினெட்டு. கோயம்புத்தூரிலிருந்து முதன்முறையாக மாமா வீட்டுக்கு வந்திருந்தாள். மாமா மகள் சுயம்புக்கனியை அவள் மைனி என்று கூப்பிட்டாள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் வருஷத்து ஆடி மாதம்.

மேற்கே ஊர். ஓட்டு வீடுகள், ஒற்றை பஸ் நிற்கும் புளியமரம், கருப்பட்டி காய்ச்சும் கொட்டகைகளின் நீலப் புகை. மிருதுளா அதையெல்லாம் பார்க்கவே இல்லை. கிழக்கே திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஊர் முடிகிற இடத்தில் உலகமே சிவப்பாகிவிட்டது! செம்மண் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, வளைந்து, மடிந்து, கண்ணுக்கு எட்டாத தூரம்வரை கிடந்தன. அலையடித்துக்கொண்டிருந்த ஒரு சிவப்புக் கடலை யாரோ 'நில்' என்று சொல்லி நிறுத்திவிட்டதுபோல இருந்தது. அதன் விளிம்பில் பச்சைக் குமிழ்போல ஒரு சோலை.

"அதான் தேரி. அந்தப் பச்சை, அய்யனார் சோலை. நாளைக்குப் போவோம், அங்க சுனை உண்டு" என்றாள் சுயம்புக்கனி.

"ஏழாவது இடம் எது மைனி?"

சுயம்புக்கனியின் குரல் இறங்கியது. "தேரிக்குள்ள, மணலுக்கு அடியில, ஒரு கல்மண்டபம். அதுக்குள்ள ஒரு சுனை. எங்கப்பா பத்து வயசுல பாத்திருக்காவ. பெருங்காத்து அடிச்ச மறுநா, காணாமப்போன ஆட்டைத் தேடிப் போனப்போ. ஒரு வாரம் கழிச்சு ஊராளுவளைக் கூட்டிட்டுப் போனா, வெறும் மணல். மேட்டையெல்லாம் காத்து மாத்திப்போட்டுட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நாப்பத்திரெண்டு வருசமாச் சிரிக்காவ."

அந்தச் சிரிப்பை மிருதுளா அன்று சாயங்காலமே கேட்டாள். சந்தையில் வாழைக்காய் வாங்கிவிட்டு மாமா லிங்கத்துரையோடு திரும்பும்போது, டீக்கடை செல்லப்பழம் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

"என்ன லிங்கத்துரை! விருந்தாளு வந்திருக்கு போல. வீட்டுல இடம் பத்தலேன்னா மண்டபத்துல தங்க வையும். தண்ணி வசதியும் உண்டுல்லா!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் பகை இல்லை, பழகிப்போன சிரிப்பு. ஆனால் ஆறடி உயரமுள்ள மாமா பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நடந்தார். அந்தக் குனிந்த தலை மிருதுளாவின் மனத்தில் தைத்துவிட்டது. தான் வந்த இரண்டு நாளாக அவர் தேரிப் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

மறுநாள் அவள் அய்யனார் சோலையைப் பார்த்தாள். வானத்தைத் தொடும் மருதமரம், அதன் வேரடியில் கண்ணாடிபோல் நிற்கும் சுனை, தண்ணீரில் நிழலாய் நகரும் மீன்கள். அம்மா அடிக்கடி அவளை 'கண்ணைத் திறந்துகிட்டே தூங்கறவ' என்று திட்டுவாள். சுனையோரம் உட்கார்ந்து உண்மையிலேயே அப்படித்தான் தூங்கினாள். சுற்றிலும் நெருப்பு நிறத்தில் மணல். நடுவே இந்தக் குளிர்ந்த தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இது இங்கே இருக்க முடியுமென்றால், இன்னொன்று ஏன் இருக்க முடியாது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. கடற்கரை ஊரிலிருந்து மீன் கொண்டுவரும் சந்தியாகு பர்னாந்து. இருபத்திரண்டு வயது. மூன்று நாள் கடலிலும் ஒரு நாள் சைக்கிளிலும் இருக்கிறவன். அத்தை சட்டியை எடுத்துவர உள்ளே போனாள். மாமா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

மிருதுளா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? மண்டபத்துக்குப் பக்கத்து மேட்டுல ஏறி நின்னு சுத்திப் பாத்தீங்களா? என்னவெல்லாம் தெரிஞ்சுது?"

லிங்கத்துரை அவளை விநோதமாகப் பார்த்தார். மண்டபம் எங்கே, எங்கே என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை.

"தெரிஞ்சுது பிள்ள" என்றார் மெல்ல. கண் எங்கோ போய்விட்டது. "வழி தப்பிட்டோம்னு பயத்துல மேட்டுல ஏறினேன். மேக்க பாத்தேன். மாதா கோயில் மணிக்கூண்டு, அய்யனார் சோலை மருதமரத்து உச்சந்தலையில கிரீடம் வச்ச மாதிரி நின்னுச்சு. அம்மாடின்னு இருந்துச்சு. அப்புறம் இடது கைப் பக்கம் திரும்பினேன். தூரத்துல கடற்கரைப் பள்ளிவாசல் மினாரா. அதுக்கு நேர் பின்னால கலங்கரை விளக்கு. ரெண்டும் ஒண்ணா ஒட்டி, ஒத்தத் தூணு மாதிரி…"

"அண்ணாச்சி!" சைக்கிள் தடாலென்று சாய்ந்தது. மீன்கூடை உருண்டது. சந்தியாகு அதைக் கவனிக்கவே இல்லை. "அண்ணாச்சி, இது கணியம்லா!"

"எது?"

"கணியம்! நடுக்கடல்ல மீன் கெடக்குத பாறைய நாங்க எப்படிக் கண்டுபிடிக்கோம்? கரையில ரெண்டு அடையாளத்தை ஒண்ணுமேல ஒண்ணு ஏத்திப் பாப்போம். அது ஒரு கோடு. வேற பக்கம் இன்னும் ரெண்டு அடையாளம், இன்னொரு கோடு. ரெண்டு கோடும் வெட்டுத எடத்துல நங்கூரத்தைப் போட்டா அடியில பாறைதான்! அண்ணாச்சி, நீங்க நாப்பது வருசமா கணியத்தைக் கையில வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கிய!"

மாமா எழுந்தார். முகம் இருண்டது. "பேசாம இரி. ஆடிக் காத்து இது. ஒம்பது மணிக்கு மேல தேரி யாரையும் அடையாளம் பாக்காது. யாரும் அங்க போவப்பிடாது." உள்ளே போய்விட்டார்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விடியுதப்போ கெளம்பினா?" என்றாள் சுயம்புக்கனி.

"ஒம்பதுக்குள்ள திரும்பிரலாம்" என்றான் சந்தியாகு. "கடலுக்குப் போவுத வல்லத்துக் கயிறு கொண்டாரேன்."

திங்கட்கிழமை கிழக்கு வெளுக்கும்போது வாசலில் ஒரு தகர கேன் நிறையத் தண்ணீரும், மடித்த இரண்டு போர்வைகளும், ஒரு மண்வெட்டியும் இருந்தன. மாமா திண்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் தூங்கவில்லை என்பது மூவருக்கும் தெரிந்தது.

சோலையைத் தாண்டியதும் தேரி தொடங்கியது. மணல் பனியில் நனைந்து குளிர்ந்திருந்தது. வண்டுகள் இரவெல்லாம் எழுதிய கோலங்கள், ஒரு பாம்பு இழுத்துவிட்டுப் போன ஒற்றை வரி, கொல்லாமரம் என்கிற முந்திரி மரங்களின் கீழ் காடைகளின் காலடி. மிருதுளாவுக்குத் தான் நடப்பது தரையில்தானா என்றே சந்தேகம் வந்தது.

"திரும்புங்க!" என்றான் சந்தியாகு. "இனிமே பின்னால நடக்கணும். கண்ணு மணிக்கூண்டை விட்டு அசையக்கூடாது. மரத்துக்கு வலது பக்கம் அது வெலகினா நாம இடது பக்கம் வெலகணும்."

அப்படித்தான் அவர்கள் தேரிக்குள் போனார்கள், பின்பக்கமாக! ஊரைப் பார்த்துக்கொண்டே ஊரை விட்டு விலகிப் போவது எவ்வளவு விசித்திரம்! ஒவ்வொரு அடிக்கும் வீடுகள் சிறுத்தன. புகை கரைந்தது. மணிக்கூண்டு மருதமரத்தின் தலையில் ஒரு வெள்ளைப் பூவாகச் சுருங்கியது. பள்ளத்தில் இறங்கும்போது எல்லாம் மறையும். மேட்டில் ஏறும்போது பூ மறுபடி பூக்கும். கால் இடறி மூவரும் மாறி மாறி விழுந்தார்கள், சிரித்தார்கள்.

"மினாரா!" என்று கத்தினாள் சுயம்புக்கனி.

தெற்கே, கடல் மினுக்கும் கோட்டில், ஊசிபோல் ஒன்று. அதற்கு வலப்புறம் இன்னொரு ஊசி, கலங்கரை விளக்கு. நடக்க நடக்க இரண்டும் நெருங்கின. ஒரு விரல் இடைவெளி. ஒரு நகம். ஒரு மயிரிழை…

"நில்லு!"

இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஒற்றைத் தூண். மேற்கே மணிக்கூண்டு அசையாமல் மரத்தின் தலையில். அவர்கள் நின்றது ஒரு பெரிய குன்றின் முதுகில்.

சுற்றிலும் மணலைத் தவிர எதுவும் இல்லை.

"கடல்லயும் மேல தண்ணிதான் தெரியும். பாறை அடியிலதான் இருக்கும். தோண்டுவோம்" என்றான் சந்தியாகு.

தோண்டினார்கள். ஒரு வெட்டு எடுத்தால் இரண்டு வெட்டு மணல் சரிந்து உள்ளே வந்தது. வெயில் ஏறியது. சந்தியாகுவின் கைக்கடிகாரம் எட்டரையைத் தாண்டியது. இடுப்பளவு பள்ளம்கூட நிற்கவில்லை. சுயம்புக்கனி மண்வெட்டியை வீசி எறிந்தாள்.

"அப்பா கனவு கண்டிருப்பாவளோ? பயந்துபோன சின்னப் பையன் என்னத்தையோ கண்டிருப்பான்." அவள் குரல் உடைந்தது. "நான்கூட இப்பிடிச் சொல்லுதேனே!"

மிருதுளாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குன்றின் கீழ்ச்சரிவில் இறங்கினாள். தண்ணீருக்கு மேல் பறக்கிற தட்டான் ஒன்று அவளைத் தாண்டிப் போனது. இங்கே ஏது தட்டான்? அது போன திசையைக் கண்ணால் தொடர்ந்தாள். சரிவின் அடியில், சிவப்பின் நடுவே, ஏதோ பச்சையாக நடுங்கிக்கொண்டிருந்தது.

காற்றே இல்லாதபோதும் நடுங்குகிற இலை. அரச இலை! ஒரு முழம் உயரக் கொத்து. தேரியில் உடைமரம் உண்டு, கொல்லாமரம் உண்டு. அரசமரம் எங்கே முளைக்கும்? பழைய கட்டடத்து விரிசலில் முளைக்கும்!

"மைனி! இங்க வாங்க! இது செடியில்ல, கூரை மேல…"

அவள் இலையைத் தொட்டாள். காலடியில் மணல் பெருமூச்சு விட்டது. அடுத்த கணம் மிருதுளா அங்கே இல்லை.

விழுந்தாள். மணலோடு மணலாக வழுக்கி, வேர்களில் உரசி, மெத்தென்ற ஒரு குவியலில் போய் உட்கார்ந்தாள்.

முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

கண் பழகியது. அவளைச் சுற்றிக் கல்தூண்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் மேல்நோக்கி நீந்தும் மீன்கள். கூரைக் கற்களின் நடுவே அவள் விழுந்த துளை வழியாக ஒரு வெயில் கம்பம் இறங்கி, கீழே தண்ணீரைத் தொட்டது. தண்ணீர்! நாலு படிகள் இறங்கிய சின்னச் சதுரச் சுனை. வெயில் அதில் பட்டுத் தெறித்துக் கூரையெங்கும் ஒளி வலை வீசியது. அந்த வலைக்குள் கல்மீன்கள் அசைந்தன. உண்மையிலேயே அசைந்தன என்று அவள் சத்தியம் செய்வாள்.

மிருதுளா குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். பல் கூசும் குளிர்ச்சி, இளநீரின் இனிப்பு. எத்தனை காலமாக யாரும் குடிக்காத தண்ணீர்! இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. கொஞ்ச நேரம். இன்னும் கொஞ்ச நேரம்…

"மிருதுளா! ஏட்டி! உசுரோட இருக்கியா?" எங்கோ வேறொரு உலகத்திலிருந்து சுயம்புக்கனி அலறினாள்.

"இருக்கேன் மைனி! மண்டபம் இருக்கு! சுனை இருக்கு! மாமா சொன்னதெல்லாம் இருக்கு!"

மேலே ஒரு விம்மல் கேட்டது. உடனே சந்தியாகுவின் குரல்: "காத்து கெளம்பிட்டு! வெளிய வா, சீக்கிரம்!"

அவள் நிமிர்ந்தாள். துளையிலிருந்து நூலாக விழுந்துகொண்டிருந்த மணல் இப்போது கயிறாகத் தடித்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் கம்பம் மங்கியது. மணல் படிகளை நோக்கி நகர்ந்தது. கனவு கலைந்தது!

சந்தியாகு விட்ட வல்லத்துக் கயிறு இறங்கி அவள் தலைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் நின்றுவிட்டது. எட்டிக் குதித்தாள். கிடைக்கவில்லை. திரும்பக் குதித்தவளின் காலில் ஏதோ இரும்பு இடித்தது. மணலைக் கிளறி எடுத்தாள். துருவேறிய, வளைந்த கொக்கி. ஒரு முனையில் மக்கிப்போன மூங்கில். யோசிக்க நேரமில்லை. கூரையிலிருந்து தொங்கிய அரசவேரில் கொக்கியை மாட்டினாள். தொங்கினாள். தூணிலிருந்த கல்மீன் ஒன்றின் முதுகில் காலை ஊன்றி எவ்விக் கயிற்றைப் பிடித்துவிட்டாள்! கொக்கியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு, "இழுங்க!" என்று கத்தினாள்.

வேர்கள் முகத்தைக் கீறின. மணல் வாயை நிறைத்தது. இரண்டு ஜோடிக் கைகள் அவள் தோளைப் பற்றி வெளியே இழுத்துப் போட்டன.

வெளியே உலகம் இல்லை. சிவப்பு மட்டும் இருந்தது. காற்று ஊளையிட்டது, மணல் ஊசிகளாகக் குத்தியது. மணிக்கூண்டு, மரம், மினாரா, ஒன்றும் தெரியவில்லை.

"கணியம் போச்சு" என்றான் சந்தியாகு. முதன்முறையாக அவன் குரலில் பயம். "எந்தப் பக்கம்னு எப்பிடிப் போவ?"

சுயம்புக்கனி ஒரு போர்வையைக் கிழித்து அரசங்கொப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். மிருதுளா கண்ணை மூடினாள். கன்னத்தில் காற்று அறைந்தது. வந்த நாளிலிருந்து அதே காற்று. ஊரின் புகையையெல்லாம் தேரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போன காற்று!

"ஆடிக் காத்து மேக்கேயிருந்துதானே வரும்? மூஞ்சியில அடிக்கிற பக்கம்தான் ஊரு!"

"சரியாச் சொன்ன!" என்றான் சந்தியாகு.

மூவரும் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். மிச்சப் போர்வையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, காற்றை முட்டித் தள்ளி நடந்தார்கள். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது. கேன் தண்ணீர் தீர்ந்தது. சுயம்புக்கனி முழங்காலிட்டாள்; இருவரும் தூக்கி நிறுத்தினார்கள். எவ்வளவு நேரம் நடந்தார்கள் என்று மிருதுளாவுக்குத் தெரியவில்லை. கல்மீன்கள் தன் முன்னால் நீந்திப் போவதுபோல இருந்தது.

அப்போது சிவப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"சுயம்பூ…! மிருதுளா…! குரல் குடுங்க பிள்ளைகளா…!"

நாற்பத்திரண்டு வருஷமாகத் தேரியில் கால் வைக்காத மனிதர், துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, பனைமட்டைக் கம்பை ஊன்றி, காற்று முதுகில் உதைக்க இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"அப்பா!"

அவர் திட்டவில்லை. மூன்று தலைகளையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். கயிற்றின் முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பி நடந்தார். அந்த அகன்ற முதுகின் மறைவில் அவர்கள் சோலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

மருதமரத்தடியில் முகம் கழுவி, குடித்து, மூச்சு வந்த பிறகுதான் மிருதுளா இடுப்பிலிருந்ததை எடுத்தாள். "மாமா, அங்கே சுனைக்கரையில கெடந்துச்சு. இது இல்லேன்னா நான் மேல வந்திருக்க மாட்டேன். என்னன்னு தெரியலை."

லிங்கத்துரை அதை வாங்கினார். துருவைக் கட்டை விரலால் தேய்த்தார்.

"தொரட்டி" என்றார். "ஆட்டுக்குக் கொழை பறிக்கது. எங்கய்யாவோடது. அன்னைக்குத் தண்ணி குடிக்கக் கீழ வச்சேன், மறந்துட்டு ஓடியாந்துட்டேன். எங்க தொலைச்சேன்னு கேட்டாவ. மண்டபத்துலன்னேன். தொலைச்சதுக்கு ஒரு அடி, பொய் சொன்னதுக்கு நாலு அடி." அவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை. "சாவுத வரைக்கும் அவுகளும் நம்பல பிள்ள."

சுயம்புக்கனி அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சந்தியாகு மும்முரமாகக் கயிற்றைச் சுருட்டினான்.

சேதி மத்தியானத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. மறுநாள் விடியலில் அய்யனார் சோலையில் நாற்பது பேர் கூடினார்கள். கூடையும் மண்வெட்டியும் பனந்தடியுமாக முதலில் வந்து நின்றவர் டீக்கடை செல்லப்பழம். கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எல்லாரும் பின்பக்கமாக நடந்தார்கள்! பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். சந்தியாகு தலைவன்போல் வலது, இடது என்று உத்தரவு போட்டான். போர்வைத் துணி அரசங்கொப்பில் கொடியாகப் பறந்தது. காலை நேரங்களில் மட்டும், நாலு நாள் வேலை செய்தார்கள். சரிந்த மணலுக்குப் பனந்தடிகளைத் தடுப்பாக நட்டார்கள். நாலாவது நாள் மண்டபத்தின் முகப்பு வெளியே வந்தது.

முதலில் லிங்கத்துரைதான் இறங்க வேண்டும் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். அவர் குனிந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு செம்பு தண்ணீரோடு வந்தார். கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, நேராகச் செல்லப்பழத்திடம் நீட்டினார்.

செல்லப்பழம் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி" என்றார். அந்தச் சொல்லை அவர் லிங்கத்துரைக்குச் சொல்வது அதுதான் முதல் தடவை. "அன்னைக்கு என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லுங்க. நாங்க கேக்கோம்."

ஒருவர் பின் ஒருவராக நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள்.

மிருதுளா மணல்மேட்டில் சுயம்புக்கனியோடு தோள் உரச உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் அவளுக்கு ஊருக்கு பஸ். பாதாளத்துச் சுனையைவிட, கல்மீன்களைவிட, இந்தக் காட்சிதான் தன்னோடு வரப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவர் பேச்சைக் கடைசிவரை கேட்பதற்கு இவ்வளவுதான் வேண்டியிருந்தது: பக்கத்தில் போய் உட்காருவது.

லிங்கத்துரை தொண்டையைச் செருமினார். அவருக்கு அவசரம் இல்லை.

"ஆடு ஒண்ணு காணாமப் போயிட்டு" என்று ஆரம்பித்தார். "வெள்ளாடு. நெத்தியில வெள்ளைப் பொட்டு…"